சீச் - சோங்: பழைய இசைத்தட்டா, 2008 மேடையா?

சமூகத்தின் வழக்கமான ஒழுங்கை மறுத்த எதிர்க்கலாச்சாரத்தின் நகைச்சுவை இரட்டையரான சீச் மரின், டாமி சோங் இருவரையும் புதிதாக அறிபவர்கள் 1971இல் வந்த அவர்களின் முதல் நகைச்சுவை இசைத்தட்டிலிருந்தே தொடங்க வேண்டும். அதிலுள்ள 'டேவ்' துணுக்கில் மொத்தம் ஒரு கதவு, இரண்டு குரல்கள். போதைப்பொருளோடு வெளியே நின்று தட்டுகிறவனே டேவ். உள்ளே போதையில் இருப்பவனோ, டேவ் இங்கே இல்லை என்கிறான். வெளியே இருப்பவனின் எரிச்சல் தட்டுக்குத் தட்டு ஏறுவதும், உள்ளே இருப்பவன் பதிலுக்கு எடுத்துக்கொள்ளும் மந்தமான இடைவெளியும்தான் சிரிப்பு. கதவு கண்ணில் படாததால் காது கூர்மையாகிறது. இவர்களின் 1973 இசைத்தட்டு கிராமி விருதும் பெற்றது.

1985 வாக்கில் பிரிந்தவர்கள் 2008இல் மீண்டும் மேடையேறினார்கள். அப்போது சோங்குக்கு 70 வயது, சீச்சுக்கு 62. மேடையில் உடல்மொழி கிடைக்கிறது. சோங்கின் அசையாத முகம் பெரிய பலம். ஆனால் வசனங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் கூட்டம் முதல் வரிக்கே ஆர்ப்பரிக்கும். இடைவெளியை நம்பிய துணுக்கு அந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போகும். இடையில் 2003இல், கஞ்சா புகைக்கும் குழாய்களை விற்ற வழக்கில் சோங் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். அதை அறிந்து பார்த்தால், பழைய வசனங்களுக்கே வேறொரு கனம் வந்துவிடுகிறது.