நோட்டாவா, மூன்றாவது ஆளா, மனுவா: இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

மொடக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நீளம் தாண்டும் குழி ஒன்று இருக்கிறது. குழி மட்டும்தான், மணல் இல்லை. யாரோ கட்டட வேலைக்கு அள்ளிப் போனார்கள், அப்புறம் யாரும் கொட்டவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் தங்கச்சி மகள் அந்தக் கெட்டித் தரையில்தான் தாண்டிப் பழகுகிறாள். இரண்டு முட்டியிலும் காய்ந்த புண். போன வாரம் பேக்கரியில் டீ குடிக்கும்போது பெரிய மாமா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம் மாப்ள, கார் ஓட்டறதுக்கு நாப்பது கோடி இருக்குது, ஒரு லோடு மணலுக்கு இல்லையாமா? அப்பறம் யாருக்குத்தான் ஓட்டுப் போடறது?"

அவர் சொன்னது 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தை. அரசுப் பணம் சுமார் 40 கோடி ரூபாய் அதில் போனது. பந்தயத்துக்கென்றே கட்டிய கரி மோட்டார் ஸ்பீட்வே நம் செட்டிபாளையத்தில் இருக்கும்போது, ஊர்ச் சாலையை மறித்து ஓட்டினார்கள். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு 92 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். செஸ்ஸை நான் கார் பந்தயத்தோடு சேர்க்க மாட்டேன். அங்கே முதல் போர்டில் தங்கம் வாங்கிய குகேஷுக்கு அப்போது 16 வயது. அதைப் பார்த்து எங்கள் ஊரிலேயே பிள்ளைகள் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டார்கள். பந்தயக் காரை எந்த ஊர்ப் பிள்ளை வாங்கும்?

சரி, ஆளுங்கட்சியை மாற்றிப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? 2013-ல் ஆனந்த், கார்ல்சன் மோதிய உலகச் செஸ் போட்டியைச் சென்னைக்குக் கொண்டுவர 29 கோடி ஒதுக்கியது அதிமுக ஆட்சி. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி காங்கிரஸ் காலத்தில் எப்படி நாறியது என்று எல்லோருக்கும் தெரியும். 2030 காமன்வெல்த்தை அகமதாபாத்துக்கு வாங்கியது பாஜக ஆட்சி. மேடைக்கும் வெளிச்சத்துக்கும் செலவழிப்பதில் பெரிய கட்சிகளுக்குள் வித்தியாசம் இல்லை. அதனால் இந்தக் கோபத்துக்குக் கட்சி மாற்றிப் போடுவது மருந்தே இல்லை. அந்தச் சீட்டில் இந்தக் கேள்வியே கிடையாது.

கேள்வியைத் தனியாகக் கேட்ட ஊர்கள் உண்டு. கனடாவின் கால்கரியில் 2018 நவம்பரில், 2026 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தலாமா என்று ஜனங்களிடமே ஓட்டெடுத்தார்கள். 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், நகரம் விலகிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஜனங்களைக் கேட்காமலே 2026 காமன்வெல்த்தை ஏற்றது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய கணக்கு 600, 700 கோடிக்கு ஏறவே 2023 ஜூலையில் கைவிட்டது. நடக்காத போட்டிக்கு 38 கோடி டாலர் இழப்பீடு கட்டியது. நமக்குக் கால்கரி மாதிரி ஒரு சீட்டு கிடையாது. ஆகவே இருக்கிற வழிகளைத்தான் எடை போட வேண்டும்.

ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கோபத்தில் வராதவரையும் காய்ச்சலில் வராதவரையும் கணக்கு ஒன்றாகத்தான் எழுதும்.

நோட்டா, அதாவது 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்கிற பொத்தான், அதைவிட மேல். 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. அதற்கு முன் 49-ஓ என்று வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிய வேண்டும், ஊருக்கே தெரிந்துவிடும். இப்போது ரகசியம். ஆனால் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார். 2024-ல் இந்தூரில் 2 லட்சத்துக்கு மேல் நோட்டா விழுந்தது. ஜெயித்தவர் டெல்லிக்குப் போய்விட்டார். பக்கத்தில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில், 2025-ல், பெரிய எதிர்க்கட்சிகள் ஒதுங்கிக்கொண்டபோது 6,000-க்கு மேல் நோட்டா. மறுநாள் செய்தியில் ஒரு வரி. எதற்காக அழுத்தினார்கள் என்று அந்தப் பொத்தான் யாரிடமும் சொல்லாது, அதுதான் அதன் குறை.

மூன்றாவது ஆளுக்குப் போடுவது? 2009-ல் கொங்குநாடு முன்னேற்றப் பேரவை தனியாக நின்று கோவைத் தொகுதியில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியது. பெரிய கட்சிகள் உண்மையிலேயே திரும்பிப் பார்த்தன. திரும்பிப் பார்த்ததும் கூட்டணிக்குக் கூப்பிட்டன, அவர்களும் போனார்கள். அந்த வழியில் வந்த கட்சி 2019-லும் 2024-லும் நாமக்கல்லில் ஜெயித்தது உதயசூரியன் சின்னத்தில். தனியாக நின்று கேட்ட குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. 2021-ல் கோவை தெற்கில் கமல்ஹாசன் 1,728 ஓட்டில் தோற்றார். மூன்றாவது வழிக்கு இங்கே ஆசை இருக்கிறது, தங்குகிற இடம்தான் இல்லை.

எங்கள் தொகுதிக்கென்றே ஒரு வழி இருந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில், தங்கள் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். தேர்தலையே தள்ளிவைத்தார்கள். வாக்குச்சீட்டை நோட்டுப் புத்தகம் மாதிரி அச்சடித்தார்கள். அப்பாவோடு போய் வெளியே நின்ற எனக்கு, உள்ளே பக்கம் புரட்டும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவுக்கு முன்னால் போன ஓர் ஆத்தா சின்னத்தைத் தேடித் தேடி எச்சில் தொட்டுப் புரட்டினாராம். நாடே மொடக்குறிச்சி என்ற பேரைத் தெரிந்துகொண்டது. கிடைத்தது என்னவென்று கேட்டால், 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார், டெபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இன்று 10,000. ஆயிரம் பேரை நிறுத்த அன்று இரண்டரை லட்சம், இன்று ஒரு கோடி. அந்தக் கதவை அடைத்தே விட்டார்கள்.

கடைசி வழி மெதுவானது, ஆனால் என் மனசு அதில்தான் நிற்கிறது. பவானி ஆற்றுத் தண்ணீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை அறுபது வருடமாகக் கேட்டார்கள். ஒரே கட்சியிடம் கேட்கவில்லை, வந்தவர் எல்லோரிடமும் கேட்டார்கள். மனு, மறியல், 2016-ல் அவிநாசியில் உண்ணாவிரதம். 2019-ல் அதிமுக ஆட்சியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட்டில் திமுக ஆட்சியில் திறப்பு, 1,916 கோடி, 1,045 குளம் குட்டைகள். இரண்டு கட்சியும் உரிமை கொண்டாடுகின்றன, கொண்டாடட்டும். குட்டைக்குத் தண்ணீர் வந்தது. அங்கே ஜனங்கள் யார்மேல் கோபம் என்று சொல்லவில்லை, என்ன வேண்டும் என்று சொன்னார்கள், சொன்னதை மாற்றவே இல்லை.

இதோடு ஒரு எண்ணையும் சேர்த்துக்கொள்கிறேன். 2021-ல் இதே மொடக்குறிச்சியில் பாஜகவின் சரஸ்வதி அதே சுப்புலட்சுமி ஜெகதீசனை வென்றது 281 ஓட்டில். எங்கள் ஊரின் இரண்டு வீதி அவ்வளவு வரும். நோட்டாவில் ரகசியமாகக் கரைகிற 281-ஐவிட, இன்னது வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்ட 281 பேரைப் பார்த்தால் எந்த வேட்பாளருக்கும் தூக்கம் வராது.

அதனால் மாமாவும் நானும் ஒரு தாளில் மூன்று வரி எழுதினோம். குழிக்கு மணல். ஓடுவதற்குத் தடம் அளந்து கோடு. பொம்பளைப் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு அறை. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைக்கிறோம், அதன் நகலை ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறோம். நேற்று ராத்திரி வரை 64 கையெழுத்து. மாமா வடக்கு வீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தங்கச்சி மகள் 65-வதாகப் போடுகிறேன் என்று பேனாவோடு வந்தாள். "உனக்கு ஓட்டு இல்ல கண்ணு" என்றார் மாமா. "குழி எனக்குத்தானுங்க அப்புச்சி" என்று போட்டுவிட்டுப் போனாள்.