வீட்டு அடுப்பா, கடை வாசலா, லைன் சரக்கா? காரைக்குடியில் பலகார வியாபாரம்

தங்கச்சி மகள் போன வாரம் போன் போட்டாள். "பெரியம்மா, செக்காலை ரோட்டுல ஒரு கடை காலியாகுது. பிடிச்சிரவா?" அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய் மூன்று மாதம். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. தேன்குழலும் சீப்புச்சீடையும் நன்றாகச் செய்வாள்.

உடனே பதில் சொல்ல வரவில்லை. இந்த வியாபாரத்தை நான் மூன்று விதமாகவும் செய்திருக்கிறேன். முதலில் கோட்டையூர் வீட்டு அடுப்பில். பிறகு காரைக்குடியில் வாடகைக் கடையில். அதன்பின் மற்ற கடைகளுக்கு லைனில் சரக்குப் போட்டு. மூன்றிலும் அடி வாங்கினேன். ஆனால் ஒவ்வொன்றிலும் அடி விழுந்த இடம் வேறு. அவளுக்கு அன்று ராத்திரி சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எல்லோரும் கேட்பது "கிலோவுக்கு எவ்வளவு நிக்கும்?" என்பதுதான். எனக்குப் பலகாரம் சொல்லிக்கொடுத்த ஆச்சி அப்படிக் கேட்டதே இல்லை. அவர் வீட்டு ஆண்கள் பெட்டியடியில், அதாவது கல்லாப்பெட்டிப் பக்கத்தில், பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளராகி, கடல் கடந்து கொண்டுவிக்கப் போனவர்கள். சொத்தும் கடனும் எவ்வளவு என்று ஐந்தொகை போட்டுப் பார்த்து வளர்ந்த வீடு. நான் நோட்டைக் காட்டி லாபம் சொன்னால், "அது கிடக்கட்டும் ஆத்தா, பணம் இப்ப யாரு வீட்ல தூங்குது?" என்பார். இந்த மூன்று வழியையும் ஒப்பிட இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

கடையில் பணம் தூங்குவது கட்டட உரிமையாளர் வீட்டில். மாத வாடகை 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் என்றால் ஒன்றரை லட்சம் வட்டியில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். வாடகையோடு, கல்லாவில் நிற்கும் பெண்ணுக்குச் சம்பளம், கரண்ட், பை, தினம் இரண்டு டீ என்று எல்லாம் சேர்த்து மாதம் 30,000. கிலோவுக்கு நூறு ரூபாய் நின்றால்கூட 300 கிலோ விற்ற பிறகுதான் உங்கள் முதல் ரூபாய். அதாவது தினம் பத்து கிலோ. ஆடியிலும் பத்து கிலோ, ஐப்பசி அடைமழையிலும் பத்து கிலோ.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, கடை திறந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. காரைக்குடிக்காரர்கள் காரைக்குடிப் பலகாரத்தைத் தினமும் காசு கொடுத்து வாங்குவதில்லை. வீட்டில் ஒரு அச்சு இருக்கும், இல்லாவிட்டால் அச்சு வைத்திருக்கும் ஒரு அத்தை இருப்பார். கடையில் வாங்குகிறவர்கள் ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள். விடியக்காலைப் பல்லவன் ரயிலுக்கு டிக்கெட் போட்டவர்கள், பிள்ளையார்பட்டி பார்த்துவிட்டுத் திரும்பும் வேன், கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் கால் படும் இடத்தில் கடை இருந்தால் பத்து கிலோ ஒரு பெரிய விஷயமில்லை. நான் பிடித்த கடை பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது. சாயங்காலம் பையன்கள் வந்து பத்து ரூபாய்க்கு மிக்சர் கேட்பார்கள்.

கண்ணாடி பாட்டில்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினைந்து பாட்டில் அடுக்கினால்தான் பலகாரக் கடை என்று தோன்றும். விற்பது நாலு வகைதான். மீதிப் பதினொன்றையும் காலியாக விட்டால் கடை செத்த மாதிரி இருக்கிறது என்று, விற்காது எனத் தெரிந்தே சுட்டு நிரப்பினேன். நமத்துப்போனதை வீட்டுக்குக் கொண்டுவந்து தின்றோம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் மாவுருண்டையைக் கண்டாலே ஆகாது.

கடைக்கு ஒரே ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. விற்றால் காசு அன்றைக்கே. ஜீபே சத்தம் கேட்டதும் மறுநாள் எண்ணெய்க்குப் பணம் தயார். அந்தச் சுகம் மற்ற இரண்டிலும் கிடையாது.

வீட்டு அடுப்பில் அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை. பணம் உங்கள் வீட்டிலேயே தூங்கும், நீங்கள்தான் தூங்கமாட்டீர்கள். ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் "ஹாய், மணக்கோலம் என்ன ரேட்?" என்று வரும். பதில் போட்டால் நீல டிக் விழும், அதோடு சரி. வாங்குகிறவர்களோ, "வீட்லதானே செய்றீங்க, வாடகை கிடையாதே" என்று ஐம்பது ரூபாய் குறைப்பார்கள். அடுப்படி, கூடம், முற்றம் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மாமியார் சீப்புச்சீடை உருட்டியதை நான் மூன்று வருஷம் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவருக்கு மூட்டுவலி வந்து கூலிக்கு ஆள் வைத்த மாதம்தான், லாபம் என்று நான் நினைத்ததில் பாதி அவருடைய கூலி என்று தெரிந்தது. தனக்கும் வீட்டு ஆட்களுக்கும் கூலி எழுதாமல் விலை போடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் குழியில் ஒருநாள் விழுவார்கள்.

வீட்டில் செய்தால் காகித வேலை கிடையாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தப்பு. உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டு அடுப்புக்கும் வேண்டும். நான் 2021ல் போட்டபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வெறும் பதிவு போதும், வருஷத்துக்கு 100 ரூபாய்தான். அந்த 14 இலக்க எண், பொருளில் என்னென்ன இருக்கிறது, எடை, செய்த தேதி, எதுவரை நல்லது, பச்சைப் புள்ளி எல்லாம் பாக்கெட்டில் ஏறவேண்டும். சமையலுக்கு வாங்கும் 14.2 கிலோ சிலிண்டரில் வியாபாரம் நடத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதற்கு இரண்டாயிரம் கேட்கும் புரோக்கரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாதது ஜிஎஸ்டி. பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இரண்டு கிலோ அனுப்பச் சொல்லி ஒருவர் ஆர்டர் கொடுத்தால் அது வெளிமாநில விற்பனை. அதற்கு 40 லட்சக் கணக்குச் செல்லாது, பதிவு வேண்டும். விற்பனையில் ஒரு சதவீதத்தை மொத்தமாகக் கட்டும் காம்போசிஷன் வழியை எடுத்தவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. கடை வைத்து உள்ளூரில் விற்கிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை. கூரியரை நம்பும் வீட்டு அடுப்புக்குத்தான் இது முதல் நாளே வந்து நிற்கும். முறுக்கு வகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம் ஆனது ஓர் ஆறுதல், அதற்குமுன் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்றால் 12.

சட்டத்தைவிடக் கறாரானது கூரியர் வண்டி. எந்தப் பலகாரம் வெளியூர் போகும் என்பதை நான் இப்படித்தான் முடிவு செய்வேன். அரைக் கிலோ பாக்கெட்டை அட்டைப்பெட்டியில் அடைத்து, இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை தரையில் போடுவேன். தேன்குழல் பாதி உதிர்ந்துவிடும். வாயில் போட்டால் கரைய வேண்டும் என்று செய்தது, வண்டியில் மட்டும் எப்படி நிற்கும்? கைமுறுக்கு விரல் மாதிரித் துண்டாகும். சீப்புச்சீடை நிற்கும். மாவைச் சீப்பில் அழுத்திச் சுருட்டியதால் வரி வரியாகக் குழல் வடிவம், ஒன்றோடொன்று மோதினாலும் தாங்கும். மணக்கோலத்தில் உடையும் கவலையே இல்லை, முறுக்கை உடைத்துத்தானே வெல்லப்பாகில் புரட்டுகிறோம். அதற்கு எதிரி ஈரம். பாகு ஒரு பதம் குறைந்தாலும் ஐப்பசியில் கசிந்து, பாக்கெட் முழுக்க ஒரே உருண்டையாகப் போய்ச் சேரும். தண்ணீரில் விட்டு உருட்டிய பாகு தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கவேண்டும். அந்தச் சத்தம் வராத நாளில் மணக்கோலத்தை உள்ளூரிலேயே விற்றுவிடுவேன்.

மூன்றாவது வழி லைன். டீக்கடை, மளிகைக் கடை, மதுரையில் நாலு பலகாரக் கடை என்று வாரம் ஒருதரம் வண்டியில் போட்டுவிட்டு வருவது. கண்ணாடி பாட்டில் அவர்களுடையது, வாடகை அவர்களுடையது. நமக்குச் சுடும் வேலை மட்டும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? மூன்றில் எனக்குத் தூக்கம் போனது இதில்தான்.

இருபது கடைக்கு வாரம் நாலு கிலோ, கிலோ 220 ரூபாய் என்றால் வாரம் 17,600. கடைக்காரர் "அடுத்த வாரம்" என்பார், அதற்கடுத்த வாரம் பாதி தருவார். நாலு வாரப் பாக்கி எப்போதும் நின்றால் 70,000 ரூபாய்க்குமேல் ஊர் முழுக்க இருபது வீட்டில் தூங்குகிறது. அதே நேரத்தில் எண்ணெய்க்கடைக்காரர் டின்னுக்குக் கையில் காசு கேட்பார். உளுந்து, பாசிப்பருப்பு எல்லாம் ரொக்கம். இந்த இடைவெளியை நான் நகையை வைத்து அடைத்தேன். கிலோவுக்கு நாற்பது ரூபாய் நின்றதில் நகை வட்டி போக மிஞ்சியதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கடை அட்வான்ஸாவது காலி செய்தால் திரும்பி வரும். லைன் பாக்கி, நீங்கள் சரக்கை நிறுத்திய அன்றே செத்துவிடும். மதுரையில் ஒரு கடை எனக்குத் தரவேண்டிய பதினோராயிரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. விற்காதது என்று அவர்கள் திருப்பிய நாலு கிலோ சிக்கு வாடை அடித்த சீடை மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இதற்கும் சட்டம் உண்டு. உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்பது 2006ம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பெரிய கம்பெனியிடம் இது பேசும். டீக்கடை அண்ணனிடம் சட்டம் பேசினால் பாக்கியும் வராது, டீயும் வராது. அதனால் இப்போது எனக்கு ஒரே விதி: போன வாரச் சரக்குக்குப் பணம் வந்த பிறகுதான் வண்டியிலிருந்து இந்த வாரச் சரக்கு இறங்கும். இருபது கடையில் ஐந்துதான் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஐந்தும் போதும்.

கடனைப் பற்றி இரண்டு வார்த்தை. மத்திய அரசின் முத்ரா கடனில், சிறிய தொகைக்கான சிசு பிரிவில் 50,000 வரை கிடைக்கும், வீட்டு அடுப்புக்கு அது தாராளம். உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு 2020ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம் வைத்தார்கள், 10 லட்சம் வரை. ஆனால் அது வங்கிக் கடனோடு கட்டிய மானியம், கையில் கிடைக்கும் காசில்லை. மானியத்துக்காக மெஷின் வாங்கிவிட்டு, மெஷினுக்காக ஆர்டர் தேடி அலைகிறவர்களைச் சிவகங்கை மாவட்டத் தொழில் மைய வாசலில் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்றையும்விட நான் மேலாக நினைப்பது வீட்டு அடுப்புக்குள்ளேயே இருக்கும் கல்யாண ஆர்டர். சீர்ப் பலகாரத்துக்குத் தேதி முன்கூட்டியே தெரியும், அளவு தெரியும், பாதிப் பணம் முதலிலேயே வரும். ஆச்சி கேள்விக்கு இதில்தான் தலைகீழான பதில்: அவர்கள் பணம் நம் வீட்டில் தூங்குகிறது. மீந்து நமத்துப்போவதும் இல்லை. ஓலைக் கொட்டானில் அடுக்கிக் கொடுத்தால், பிளாஸ்டிக் பைத் தடையும் நமக்குக் கவலையில்லை, பார்க்கவும் லட்சணம். சங்கடம் என்னவென்றால் தையிலும் வைகாசியிலும் ஒரே முகூர்த்தத்தில் நாலு பேர் கேட்பார்கள், மார்கழியில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாலையும் ஒத்துக்கொண்டு, ஒரு கல்யாண வீட்டில் அதிரசம் உள்ளே வேகாமல் போய், பந்தியில் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். இப்போது ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு வீடுதான்.

அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அந்தக் கடை வேண்டாம். அட்வான்ஸாகப் போகும் ஒன்றரை லட்சத்தில் ஒரு முப்பதாயிரத்துக்கு நல்ல கிரைண்டர், வணிக சிலிண்டர், முத்திரை போட்ட எலெக்ட்ரானிக் தராசு. மீதி பாங்கில் இருக்கட்டும். கல்யாண ஆர்டர் முதலில், வெள்ளிக்கிழமைக்கு ரொக்கம் தரும் இரண்டு கடை அடுத்து. கூரியர், ஆடிட்டரிடம் போய் வந்த பிறகு. இரண்டு தை பார்த்துவிட்டு, அப்போதும் கடை ஆசை இருந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கமோ பிள்ளையார்பட்டி ரோட்டிலோ பார்க்கலாம், நானே கூட வருகிறேன்.

"அப்ப கட்டட ஓனர்கிட்ட வேணாம்னு சொல்லிரவா பெரியம்மா?" என்றாள், கொஞ்சம் வருத்தமாக. போர்டுக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாளாம்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தரையில் அட்டைப்பெட்டி, பக்கத்தில் தாம்பாளத்தில் கொட்டிய சீப்புச்சீடை. கீழே ஒரு வரி: "மூணு தடவை போட்டேன். அரைக் கிலோவுல ஆறு உடைஞ்சுச்சு."

ஆறு அதிகம். மாவில் தேங்காய்ப்பால் எவ்வளவு விட்டாய் என்று கேட்டிருக்கிறேன்.