தடிமன் பார்க்க ஒரு தராசு: 200 கிராம் பாக்கெட் ஸ்கேல் எப்படி?

200 கிராம் தாங்கி, 0.01 கிராம் வரை காட்டும் இந்த வகைத் தராசை நகை எடைக்கென்று சொல்லித்தான் விற்கிறார்கள். தடிமன், கேஜ் (ஒயரின் பருமனைக் குறிக்கும் எண்) பார்க்க இது அதைவிட நன்றாக உதவுகிறது.

சமையலறை அலுமினிய ஃபாயிலையே எடுங்கள். சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். ஃபாயிலோ 10, 11 மைக்ரான்தான், வெர்னியர் கைவிரித்துவிடும். 30 செ.மீ. சதுரமாக வெட்டி, தட்டுக்குள் அடங்கும்படி மடித்து வையுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி க.செ.மீ.க்கு 2.70 கிராம் என்பதால் அந்தச் சதுரத்தில் மைக்ரானுக்கு 0.243 கிராம். 2.43 காட்டினால் 10 மைக்ரான், 2.67 என்றால் 11. தராசு 0.01 தப்பினால் 0.04 மைக்ரான்தான் பிசகும்; இரு பக்கமும் ஒரு மி.மீ. கோணலாக வெட்டினால் 0.07. குற்றம் பெரும்பாலும் கத்தரிக்கோலுடையது.

மோட்டார் போன்றவற்றில் சுருளாகச் சுற்றும் வைண்டிங் ஒயருக்கும் இதே கணக்குதான். செம்பின் அடர்த்தி 8.96. 28 கேஜ் ஒயர் (0.376 மி.மீ.) 5 மீட்டர் 4.97 கிராம், 29 கேஜ் 4.20. எனாமல் பூச்சு சில சதவீதம் கூட்டும் என்றாலும் இந்த இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. மைக்ரோமீட்டரில் விட்டம் சரியாக இருந்து எடை மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக நின்றால், அது செம்பு நிறத்தில் எனாமல் பூசிய அலுமினியம். மிச்ச ஒயரின் நீளம் பார்க்க, அதே அளவு காலி பாபினின் (ஒயர் சுற்றிய உருளையின்) எடையைக் கழித்தால் போதும். அரைக் கிலோ பாபினை இதில் ஏற்ற வேண்டாம், சென்சார் போய்விடும்.

குறைகளும் உண்டு. மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். ஒயரை இழை இழையாகப் போட்டால் எண் நகராது. சுழியைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு சிறு ஏற்றத்தைப் பிசகென்று விழுங்கிவிடும், அதனால் சுருளை மொத்தமாக ஒரே தடவை வையுங்கள். ஃபாயிலின் ஓரம் தட்டைத் தாண்டி மேலுறையைத் தொட்டாலும் எடை குறைத்துக் காட்டும். குறித்துக்கொள்வதற்குள் தானாக அணைந்துவிடுவது தனி எரிச்சல்.

தராசைச் சரிபார்க்க 100 கிராம் எடைக்கல்லைச் சேர்த்தே வாங்குங்கள். எம்1, எம்2 என்பவை எடைக்கற்களின் துல்லியத் தரங்கள். எம்1 தரக் கல்லில் பிழை 5 மில்லிகிராமுக்குள் இருக்கும். எம்2வில் 16 வரை போகலாம், அது தராசின் 0.01 கிராமையே தாண்டிவிடுகிறது.