பாப்அப் பெட்டியைச் சோதிக்க எது உதவும்: லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ், என்விடிஏ

மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைக் கருவிகளை ஒப்பிடப் பாப்அப் பெட்டியே சரியான உரைகல். அது திறக்கும், மூடும், ஃபோகஸை (விசை அழுத்தங்கள் போய்ச் சேரும் இடத்தை) மாற்றும். அசையாத பக்கத்தை மட்டும் பார்க்கும் கருவியின் எல்லை அங்கே தெரிந்துவிடும்.

லைட்ஹவுஸ் குரோமுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ஓட்டுவது ஆக்ஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியின் விதிகளில் ஒரு பகுதியைத்தான். வழக்கமான முறையில் பக்கத்தைப் புதிதாக ஏற்றிப் பார்ப்பதால், மூடிக் கிடக்கும் பாப்அப் கணக்கில் வராது. பெட்டியைத் திறந்து வைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றாமல் அப்போதைய நிலையையே பார்க்கும் ஸ்னாப்ஷாட் முறையில் ஓட்டுங்கள். 100 மதிப்பெண்ணை மட்டும் நம்பி வெளியிட வேண்டாம்.

ஆக்ஸை, பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் சோதனைக்குள் வைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும். தானியங்கிக் கருவிகளில் எங்கள் முதல் தேர்வு இதுதான். பெட்டியைத் திறந்து, அனிமேஷன் முடிந்த பிறகே ஓட்ட வேண்டும். பாதி மங்கலாக இருக்கும்போது ஓட்டினால் இல்லாத நிறப் பிழைகள் வரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற வேறுபாட்டை அது அளக்கும். படமோ கிரேடியன்டோ பின்னணியில் இருந்தால் ‘மறுபரிசீலனை தேவை’ பட்டியலில் தள்ளிவிடும். அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஜெஸ்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சோதனைக் கருவியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே பிரவுசருக்குப் பதிலாக இருக்கும் ஜேஎஸ்டாம் எதையும் திரையில் வரைவதில்லை, ஆகவே நிற வேறுபாடு அங்கே சோதிக்கப்படுவதே இல்லை.

வேவ் என்ற சோதனைக் கருவி பிழைகளைப் பக்கத்தின் மேலேயே ஐகான்களாகக் காட்டும். வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து பேச அது வசதி.

இம்மூன்றுக்கும் எட்டாத பிழைகளே பயனரை நிறுத்திவிடுபவை. மவுஸைத் தள்ளி வையுங்கள். என்டர் அழுத்தித் திறந்தால் ஃபோகஸ் பெட்டிக்குள் போக வேண்டும். டேப் அழுத்தினால் பின்னால் இருக்கும் இணைப்புகளுக்கு நழுவக் கூடாது. எஸ்கேப் மூட வேண்டும். மூடியதும் ஃபோகஸ், பெட்டியைத் திறக்கப் பயன்பட்ட பட்டனுக்கே திரும்ப வேண்டும். மூடும் குறியைப் பட்டனாக இல்லாமல் வெறும் டிவ்வில் (எச்டிஎம்எல்லின் பொதுவான உறுப்பு) கிளிக் வைத்து எழுதியிருந்தால் டேப் அதைத் தொடாது. மேக்கில் சஃபாரி இணைப்புகளை இயல்பாகவே டேப்பில் தாண்டிவிடும். அமைப்பை மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

பிறகு என்விடிஏ. திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் இது. இலவசம், விண்டோஸில் ஓடும். கருவிகள் மெனுவில் உள்ள ஸ்பீச் வியூவரைத் திறந்தால் அது பேசுவதெல்லாம் எழுத்தாகவும் வரும். பெட்டி திறந்ததும் தலைப்பும் ‘டயலாக்’ என்ற சொல்லும் கேட்க வேண்டும். கீழ் அம்புக்குறியால் இறங்கிக்கொண்டே போங்கள்; பின்பக்கச் செய்திகள் கேட்டால் பின்னணி அடைக்கப்படவில்லை. எச்டிஎம்எல் டயலாக் உறுப்பை ஷோமோடல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை கொண்டு திறந்தால் அந்த அடைப்பைப் பிரவுசரே செய்துவிடும். பட்டனில் வெறும் ‘×’ இருந்தால் ஆக்ஸ் விட்டுவிடும், ஏனெனில் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. கேட்பவர் காதில் விழுவதோ பெருக்கல் குறி. திரைவாசிப்பானுக்குப் பெயர் சொல்லும் ஆரியா லேபிள் பண்பில் ‘மூடு’ என்று எழுதுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொன்று: பக்கத்தின் மொழிப் பண்பு ஆங்கிலம் என்றிருந்தாலும் ஆக்ஸ் ஏற்றுக்கொள்ளும், அது செல்லுபடியாகும் மதிப்புதானே. என்விடிஏ தானாகத் தமிழ்க் குரலுக்கு மாறுவது அந்தப் பண்பைப் பார்த்துத்தான். அதன் கூடவே வரும் பேச்சுக் குரல் மென்பொருளான இஸ்பீக்கில் தமிழ் இருக்கிறது. தமிழ்ப் பத்தி ஒன்றை ஓடவிட்டுக் கேட்டால் பிழை உடனே பிடிபடும்.