சிக்மாவுக்கு அடியிலா, பக்கத்திலா?

கோரிப்பாளையத்தில் இருக்கும் என் டிடிபி கடைக்கு, பிளஸ் டூ கணித வழிகாட்டி ஒன்றின் மெய்ப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார் ஓர் ஆசிரியர். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அம்புக்குறி. வரிக்குள் வரும் சிக்மாக்களில், அதாவது கூட்டுத்தொகைக் குறிகளில் (Σ), கூட்டல் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ‘ஐ = 1’ குறியின் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது; அதை அடியில் இறக்கச் சொல்கின்றன அம்புகள்.

“பலகையில் அடியில்தானே எழுதிக்காட்டுகிறேன், தம்பி? பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.”

“தப்பாக அடிக்கவில்லை சார், லேடெக் வரிக்குள் அப்படித்தான் வைக்கும்” என்றேன். லேடெக் என்பது கணிதப் பக்கங்களை அச்சுக்கோக்கும் மென்பொருள். அவர் நம்பவில்லை. ஒரே பக்கத்தை இரண்டு விதமாக அச்செடுத்து மேசையில் வைத்தேன்.

அடியில் வைத்த பக்கம் பல் விழுந்த வாய்போல இருந்தது. கணக்கு எளிது. 10 பாயின்ட் எழுத்துக்கு வரிக்கு வரி 12 பாயின்ட் இடைவெளி. வரிக்குள் வரும் சிக்மாவே 10 பாயின்ட் உயரம்; மேலே ‘என்’, கீழே ‘ஐ = 1’ என்று 7 பாயின்டில் ஏற்றினால் மொத்தம் 20-ஐத் தாண்டிவிடும். மென்பொருள் வேறு வழியில்லாமல் அந்த வரியை மட்டும் மற்ற வரிகளிலிருந்து தள்ளிவைத்துவிடும். தமிழில் இது இன்னும் கண்ணை உறுத்தும்: மேல்வரியில் ‘ழு’வின் வால் தொங்கும், கீழ்வரியில் ‘கீ’யின் சுழி எழும்பும், நடுவில் ‘ஐ = 1’ திணறும். வேர்டில் வரி இடைவெளியை ஒரே அளவாகப் பூட்டிவைத்திருந்தால் நிலைமை மோசம். வரி விலகாது, சிக்மாவின் தலைதான் வெட்டுப்படும்.

பக்கத்தில் வைத்த தாளில் வரிகள் சீராக ஓடின. கணினி அறிஞர் டொனால்ட் நூத், லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை 1978-இல் வெளியிட்ட காலம்தொட்டு அதன் வழக்கம் இதுதான்: தனி வரியில் நிற்கும் சமன்பாட்டில் ‘ஐ = 1’, ‘என்’ போன்ற எல்லைகள் மேலும் கீழும், வரிக்குள் பக்கத்தில். ‘லிமிட்ஸ்’ என்ற கட்டளையை இட்டு அதை மீறலாம். ஆய்வேடு கொண்டுவரும் மாணவர்கள் பலர் அதை உப்புப்போல எல்லா இடத்திலும் தூவிவிடுகிறார்கள். பிறகு வரி ஏன் ஏறி இறங்குகிறது என்று என்னிடமே கேட்பார்கள்.

தொகையீட்டுக் குறியில் (∫) கதை வேறு. தனி வரியில் சிக்மா 14 பாயின்ட் என்றால் தொகையீட்டுக் குறி 22. ஏற்கெனவே நெட்டையனுக்குத் தலையில் தொப்பியும் காலில் கட்டையும் எதற்கு? அதனால் தனி வரியிலும் அதன் எல்லைகள் பக்கத்திலேயே நிற்கும். குறி சாய்ந்திருப்பதால் கீழ் எல்லை உள்வாங்கி அமரும், மேல் எல்லை சற்று வெளியே தள்ளி நிற்கும். அழகே அதில்தான் இருக்கிறது. ரஷ்ய நூல்களில் மேலும் கீழும் வைப்பது உண்டு. இரட்டைத் தொகையீட்டுக்கு அடியில் பரப்பின் பெயரை மட்டும் எழுதுவதாக இருந்தால் நானும் அதற்கு ஒத்துக்கொள்வேன்.

அடியில் வைப்பதற்கும் ஒரு தொல்லை உண்டு. ‘1 ≤ ஐ < ஜே ≤ என்’ போன்ற நீளமான நிபந்தனை சிக்மாவைவிட அகலமானது. அது இருபுறமும் பிதுங்கி, சிக்மாவுக்கும் அடுத்த உறுப்புக்கும் நடுவில் ஒரு பொட்டலை உண்டாக்கும். நிபந்தனையை இரண்டு அடுக்காக உடைக்க ‘சப்ஸ்டாக்’ என்ற கட்டளை இருக்கிறது. அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட ‘ஸ்மாஷ்ஆப்பரேட்டர்’ இருக்கிறது. ஆனால் அடுத்து வருவது கீழே இறங்கும் பின்னமாக இருந்தால் நிபந்தனையும் அதுவும் மோதும். என் கை முதலில் போவது சப்ஸ்டாக்குக்குத்தான்.

ஆசிரியரின் அம்புகளில் ஒரு வகையை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். வரிக்குள் எல்லை மதிப்பைக் குறிக்கும் ‘லிம்’ எழுதி, ‘எக்ஸ் 0-ஐ நெருங்கும்’ என்பதற்கான அம்பை அதன் வால்போலப் பக்கத்தில் தொங்கவிட்டால், முதன்முறை படிக்கும் பிள்ளைக்கு அது என்னவென்றே தெரியாது. அடியில் இறக்கினாலோ வரி கெடும். அந்த இடங்களை எல்லாம் தனி வரிக்கு மாற்றிக்கொடுத்தேன். சிக்மாக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வழிகாட்டி மூன்று பக்கம் கூடியது. பக்கக் கூலியை நான் கேட்காமலேயே அவர் கொடுத்துவிட்டுப் போனார்.