யூரல் எம்-67-36: வடிகட்டி இல்லாத எஞ்சினோடு பல வருடங்கள்

பழைய பாக்ஸர் எஞ்சின் (இரண்டு சிலிண்டரும் எதிரெதிராகப் படுத்திருப்பது) சைட்கார் வண்டி, அதாவது பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தோடு பெட்டி இணைத்த மோட்டார்சைக்கிள், வாங்கலாமா என்று யோசனை கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஆயிலை நேரத்துக்கு மாற்றும் பழக்கம் உண்டா? இல்லையென்றால் சோவியத் காலத்திலிருந்து வரும் யூரல் வண்டிகள் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது யூரல் எம்-67-36. 649 சிசி, 36 குதிரைத்திறன். பெயரின் வாலில் நிற்கும் 36 அந்தத் திறன்தான். நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில். தெருவில் நிறுத்தினால், "பழைய பிஎம்டபிள்யூவா?" என்று யாராவது கேட்காமல் போக மாட்டார்கள். கேள்வி முழுத் தவறும் இல்லை. எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர், செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற அமைப்பை 1923-இல் ஆர்32 வண்டியில் கொண்டுவந்தவர் பிஎம்டபிள்யூவின் மாக்ஸ் ஃப்ரிட்ஸ். அதே நிறுவனத்தின் 1938 ஆர்71-ஐ முன்மாதிரியாக வைத்துச் சோவியத் ஒன்றியம் யூரலின் மூதாதையான எம்-72 செய்தது. 1941-இல் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கவே, தொழிற்சாலையை யூரல் மலைக்குக் கிழக்கே இர்பித் நகருக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே கிடைத்த இடம் ஒரு பீர் ஆலை. 2022-இல் உற்பத்தி அங்கிருந்தும் கிளம்பி கஸகஸ்தானின் பெட்ரோபாவ்லுக்குப் போய்விட்டது.

இனி ஆயில். என் வண்டியின் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் (வடிகட்டி) கிடையாது. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் போன்ற இரண்டு தகடுகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. சுழற்சி வேகத்தில் அழுக்கும் இரும்புத் துகளும் ஓரத்தில் ஒதுங்கிப் படிய, சுத்தமான ஆயில், பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் பெரிய முனை பேரிங்குக்குப் போகும். கிண்ணம் நிரம்பிவிட்டால் வழி அடைபடும், பேரிங் வறண்டுபோகும். சுத்தம் செய்ய வேண்டுமானால் கிராங்கையே வெளியே எடுக்க வேண்டும். ஆகவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, வண்டி சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்கிவிடுகிறேன். வடிந்ததை வெள்ளைத் துணியில் தொட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். சாம்பல் நிறச் சாயல் இருந்தால் பரவாயில்லை. பளபளக்கும் செதில் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். கீவ் நகரில் தயாரான பிந்தைய நீப்பர் என்ற இதே வகைச் சோவியத் வண்டிகளில் திறந்து கழுவக்கூடிய சுழல் வடிகட்டி உண்டு. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் புத்திசாலிகள்.

அடுத்தது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருப்பதால், இரண்டும் ஒரே அளவு இழுக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரத்தைத் தூக்கி, நாலாவது கியரில் ஓடவிட்டு, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி எஞ்சின் உடம்போடு சேர்த்து எர்த் செய்யுங்கள். ஒற்றைச் சிலிண்டரில் ஸ்பீடாமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். இரண்டு பக்கமும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை கார்ப்பரேட்டர் கேபிளின் திருகைத் திருக வேண்டும். எஞ்சின் சூடேறிவிடும் என்பதால் சீக்கிரம் முடிக்க வேண்டும். இது சரியாக அமைந்த நாளில் ஹேண்டிலில் நடுக்கமே தெரியாது.

ஓட்டுவது தனிக் கலை. சைட்கார் வலப்பக்கம் இருப்பதால் முடுக்கினால் வண்டி வலது பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் இடது பக்கம். வலது வளைவில் காலி சைட்கார் மேலே எழும்பும். பழகும்வரை அதில் ஒரு மணல் மூட்டை போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு சக்கர வண்டிபோல் சாய்க்க முடியாது, கையால் திருப்பத்தான் வேண்டும். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை, ரிவர்ஸ் கியர் இல்லை. சரிவில் வண்டியின் முகம் கீழே பார்க்க நிறுத்துபவருக்குத் தோள் வலிமை வேண்டும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் போகும். நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போட ஆசைப்படுபவர்கள் வேறு வண்டி பார்க்கட்டும்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு சக்கரங்கள். முன், பின், சைட்கார், ஸ்டெப்னி நான்கும் ஒரே அளவு. எதை எங்கும் மாட்டலாம். பின் டயர்தான் சீக்கிரம் தேயும், ஆகவே முறைவைத்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். கழற்றும்போதெல்லாம் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) பல்வரிகளில் புது கிரீஸ் தடவிவிடுங்கள். காய்ந்தால் அரைத்துவிடும்.

உதிரிபாகம் கிடைப்பதில் பஞ்சமில்லை, தரத்தில்தான். அண்மைக் காலத்து ரப்பர் சீல்களைவிட, கிடங்கில் கிடந்து வரும் சோவியத் காலத்துப் பல்சக்கரங்களை அதிகம் நம்புகிறேன். ரப்பர் மட்டும் எந்தக் காலத்துடையதானாலும் நம்பக்கூடாது.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன்னால் உதைத்து எழுப்பச் சொல்லுங்கள். சூடான பிறகு கீழிருந்து கட்டையால் தட்டுவது போன்ற ஓசை வந்தால் அது வால்வு சத்தம் என்று விற்பவர் சொல்வார். அதை நம்பாமல், கிராங்க் வேலைக்கான செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.