20-ஆம் தேதி, நடுக்கடல், 3பி: கப்பல் வைஃபை எனக்குக் கைகொடுத்ததா?

திருச்சியில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கிறேன். மாதாமாதம் கெடு இப்படி ஓடும்: 7-ஆம் தேதி பிடித்த வரியைக் கட்டும் டிடிஎஸ், 11 விற்பனைப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-1, 15 ஊழியர்களுக்கான பிஎஃப், இஎஸ்ஐ, 20 அந்த மாத ஜிஎஸ்டியைக் கட்டிக் கணக்குக் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி. எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாமே இந்தத் தேதிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான். சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் இந்த ஜூனில் குரூஸ் போகலாம் என்று கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது, "என்னிக்குக் கிளம்புது, என்னிக்குத் திரும்புது?" அவர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குள் டிக்கெட் கிடைத்த பயணம் சரியாக 20-ஆம் தேதியை நடுவில் வைத்துக்கொண்டிருந்தது.

முன்கூட்டியே எல்லாம் முடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்பார்கள். உள்ளீட்டு வரி, அதாவது வியாபாரி கொள்முதலில் கொடுத்துக் கழித்துக்கொள்ளக்கூடிய வரி, எவ்வளவு என்று காட்டும் 2பி அறிக்கை 14-ஆம் தேதிதான் வரும். அதற்கப்புறம் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும், விடுபட்டதைக் கேட்க வேண்டும், வரிப் பணத்தைக் கட்டச் சொல்லி வியாபாரியை விரட்ட வேண்டும். கம்பெனிக் கணக்குகளை எல்லாம் கிளம்பும் முன்பே முடித்துவிட்டேன். ஆனால் பாத்திரக் கடைக்காரர்களும் ஹார்டுவேர் அண்ணாச்சிகளும் 19-ஆம் தேதிக்கு முன் பணம் கட்டியதாகச் சரித்திரமே கிடையாது. ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய், வரியே இல்லாத கணக்கென்றால் 20 ரூபாய், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தொகை பெரிதில்லைதான். "மேடம் கப்பல்ல போயிட்டாங்க, அதனால ஃபைன்" என்ற பேச்சு வந்தால் மலைக்கோட்டை வரைக்கும் பரவிவிடும்.

பாதை இதுதான்: சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். கப்பலின் பெயரையும் கம்பெனியையும் சொல்லப் போவதில்லை. சாப்பாடு, நடனம், நீச்சல் குளம் பற்றியும் எழுதப் போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் கவலை ஒன்றே ஒன்று: கடலில் இருந்துகொண்டு திருச்சி வேலையைப் பார்க்க அந்த வைஃபை உதவியதா.

முதலில் விலை. கப்பல் வைஃபை ஆளுக்கு இத்தனை என்று விற்பதில்லை, கருவிக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை. எங்களுக்கு ஒரு கருவிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 அமெரிக்க டாலர் வந்தது. வீட்டிலிருந்தே இணையத்தில் முன்பதிவு செய்ததால் அந்த விலை. ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் கேட்டால் கூடுதல். மலிவான பேக்கேஜும் ஒன்று உண்டு. அதில் வாட்ஸ்அப் செய்தி போகும், முகநூல் பார்க்கலாம், அவ்வளவுதான். வேலைக்கு அது உதவாது. விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போட்டால் மலிவு பேக்கேஜில் இணைப்பே நிற்காது, விலை கூடியதில் நின்றது. அலுவலக விபிஎன் இல்லாமல் வேலை செய்ய முடியாதவர்கள் பணம் கட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எல்லாருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒரே கணக்கை லேப்டாப்பில் வெளியேற்றிவிட்டு போனில் நுழைக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்று என்பதுதான் விதி. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கணக்கில் ஓட்டினோம். நான் லேப்டாப்பைத் திறந்த நிமிடம் அவருடைய கிரிக்கெட் ஸ்கோர் நின்றுவிடும். "கடலுக்கு வந்தும் கணக்கா?" என்ற கேள்வி பாதி அக்கறை, பாதி ஸ்கோர். குடும்பத்தினர் ஒருவரையொருவர் தேட கப்பலின் சொந்தச் செயலியே போதும். அதில் உள்ளுக்குள் செய்தி அனுப்ப இந்தப் பேக்கேஜ் தேவையில்லை.

இப்போது வேகம். கப்பல் இணையம் என்றாலே ஊர்ந்து போகும் என்ற பழைய பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நியாயமாக இருந்த காலம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் கப்பல்கள் நம்பியிருந்தவை பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள். நாம் பேசியது மேலே போய், கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய் வருவதற்குள் அரை நொடிக்கு மேல் ஓடிவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்வதற்கு அதுதான் காரணம். இப்போது ஸ்டார்லிங்க் போன்றவை 550 கிலோமீட்டர் அளவு உயரத்திலேயே சுற்றுகின்றன. 2022-இல் ராயல் கரீபியன் தன் கப்பல்களுக்கு ஸ்டார்லிங்க் போடப்போவதாக அறிவித்தது, மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. நான் போன கப்பலிலும் இந்தத் தாழ்வான செயற்கைக்கோள் இணைப்புதான். காலையில் வாட்ஸ்அப்பில் பேசினால் திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பேசுவது மாதிரியே இருந்தது.

காலையில் என்று அழுத்திச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இணைப்பைப் பங்குபோடும் இடம் அது. துறைமுகத்தில் நிற்காத நாளில், சாயங்காலம் குளித்து முடித்து எல்லாரும் படங்களை ஏற்ற ஆரம்பிக்கும்போது வேகம் படுத்துவிடுகிறது. அதற்கு நேர் மாறாக, புக்கெட்டில் கூட்டம் மொத்தமும் கரை இறங்கிய பிறகு கப்பலில் உட்கார்ந்து பார்த்தால் இணையம் பறக்கிறது. கனமான வேலை இருந்தால் அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கரையைப் பார்க்கும் ஆசையை விட்டுக்கொடுக்க வேண்டும், அது அவரவர் கணக்கு.

என் வேலை முறை இது. கப்பல் வைஃபையிலிருந்து நான் எந்த வரித் தளத்தையும் நேராகத் திறக்கவில்லை. அலுவலகக் கணினியில், தொலைவிலிருந்து அதை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போட்டு வைத்திருந்தேன். டேலி என்ற கணக்கு மென்பொருள், கோப்புகள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் அங்கேயேதான். நான் கடலிலிருந்து அந்தத் திரையை இயக்கினேன், அவ்வளவுதான். இதற்குக் காரணம் இருக்கிறது. கப்பலின் இணையம் வெளியுலகுக்கு எந்த நாட்டு முகவரியோடு தெரியும் என்பது நம் கையில் இல்லை. என் மின்னஞ்சலைத் திறந்தபோதே, நீங்கள் வேறொரு கண்டத்திலிருந்து நுழைகிறீர்களே, அது நீங்கள்தானா என்று கேட்டது. மின்னஞ்சல் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். வங்கிக் கணக்கு அப்படிச் சந்தேகப்பட்டுப் பூட்டிக்கொண்டால் திறக்கத் திருச்சிக் கிளைக்குத்தான் போக வேண்டும். அலுவலகக் கணினி வழியாகப் போகும்போது, தளத்தின் கண்ணுக்கு நான் திருச்சி தில்லைநகரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனிடெஸ்க் திரை காலையில் நன்றாக ஓடியது. தட்டச்சு செய்த எழுத்து ஒரு கண் சிமிட்டல் தாமதித்து வரும், பழகிவிடும். சாயங்காலம் எக்செல் தாளை உருட்டினால் படம் உறைந்து நிற்கும். ஒரு முறை திரை முழுக்கக் கறுத்துப்போனது. செயற்கைக்கோளைத் திட்டிக்கொண்டே அலுவலகப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினால், "அக்கா, இங்க கரண்ட் போயிடுச்சு, யுபிஎஸ்ஸும் நின்னுடுச்சு" என்று பதில். அந்தச் செய்தி வந்து சேர்ந்ததும் கப்பல் வைஃபையில்தான்.

சரி, ஓடிபிக்கு வருவோம். என்னைக் கேட்டால் கப்பலில் வேலை கெடுவது இணைய வேகத்தால் அல்ல, ஓடிபியால். நம் சிம் கடலில் செத்த சிம். கரைக் கோபுரங்கள் எட்டாத தூரம் போனதும் கப்பல் தன் சொந்த மொபைல் வலையமைப்பைப் போடுகிறது, போன் ஆர்வமாக அதில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் பொதுவாக அதற்குப் பொருந்தாது, கட்டணம் தனி, அதுவும் கடுமை. அதனால் ஏறியதும் போனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் எழுப்ப வேண்டும். அப்படிப் போட்டால் எஸ்எம்எஸ் வராது. எஸ்எம்எஸ் வராவிட்டால் ஓடிபி வராது.

எனவே அலுவலக எண்ணுள்ள சிம்மையும் ஒரு பழைய போனையும் திருச்சியிலேயே அலுவலகப் பெண்ணிடம் விட்டுவிட்டேன். 3பி தாக்கலுக்கான ஓடிபி எப்படியும் வியாபாரியின் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். சிலருடைய மின்னஞ்சல் எங்கள் பொறுப்பில் இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. மற்றவர்களைக் கூப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். நேரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடியது, அது நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். திருச்சியில் கடை திறந்து அண்ணாச்சி சாமி கும்பிட்டு உட்காரும் பத்து மணி, கப்பலில் பன்னிரண்டரை. பஃபே வரிசையில் ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் போன்.

"அண்ணாச்சி, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"என்னம்மா, பின்னாடி பாட்டு கேக்குது? கல்யாண வீடா?"

"ஆமா அண்ணாச்சி, நம்பரைச் சொல்லுங்க."

ஆறு இலக்கத்தையும் நிதானமாக, நடுவில் ஒரு இருமலோடு சொன்னார். நான் அதை அலுவலகப் பெண்ணுக்குத் தட்டிவிட, அவள் அங்கே போட்டு முடித்தாள். 20-ஆம் தேதி நள்ளிரவுக் கெடு என்பது கப்பல் நேரப்படி விடிகாலை இரண்டரை. கடைசி நேரக் கும்பலில் தளம் திணறும் என்பது தெரிந்த கதை. நான் சாயங்காலத்துக்குள் கடையை மூடிவிட்டேன். பணம் கட்டாத ஒரே ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவர் நான் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் கட்டியிருக்க மாட்டார்.

உட்கார்ந்து வேலை செய்ய இடம் கிடைப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டம். கேபின் மேசை பவுடர் டப்பா வைக்கும் அளவு. இரும்புச் சுவர்கள் என்பதால் கேபினுக்குள் வைஃபை சில மூலைகளில் மங்கும், எங்கள் அறையில் கதவுப் பக்கம் பரவாயில்லை, கட்டில் பக்கம் மோசம். மேல்தளத்தில் கடலைப் பார்த்தபடி லேப்டாப் என்பதெல்லாம் விளம்பரப் படத்துக்குத்தான். வெயிலில் திரை தெரியாது, உப்புக் காற்றில் கை பிசுபிசுக்கும், பக்கத்தில் யாராவது குளத்தில் குதிப்பார்கள். எனக்கு அமைந்தது இரவில் பாட்டுக் கச்சேரி நடக்கும் ஓய்வுக்கூடம். பகலில் அங்கே ஆளே இல்லை, நாற்காலி நல்ல நாற்காலி. ஏசி மட்டும் மார்கழி மாதத்துப் பனி, சால்வையோடு போங்கள்.

பிளக் விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கப்பலில் இருந்தவை அமெரிக்க, ஐரோப்பிய வகைத் துளைகள். நம் ஊர் மூன்று முள் லேப்டாப் சார்ஜர் அதில் நுழையாது, அடாப்டர் கட்டாயம். வீட்டில் இருக்கிறதே என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பெட்டியில் வைத்தால் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள், தீ விபத்து பயம். வைஃபையைப் பலருக்குப் பிரித்துத் தரும் குட்டி ரவுட்டரையும் சில நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன.

துறைமுக நாட்களில் கப்பல் வைஃபை தேவையே இல்லை. பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். நாத்தனாரின் சிங்கப்பூர் சிம்மில் மலேசிய டேட்டா சேர்ந்தே இருந்ததால் அவர் போனிலிருந்தே எனக்குப் பகிர்ந்தார். குயின் தெரு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, தோசைக் கடையில் உட்கார்ந்து ஒரு பாத்திரக் கடையின் கணக்கைச் சரிபார்த்தேன். கப்பலில் கொடுத்த காசுக்குக் கிடைத்ததைவிட அந்த இணைப்பு உறுதியாக இருந்தது, காபியும் காபி மாதிரி இருந்தது. நாள்வாரியாக வாங்க முடிகிற கப்பல் என்றால் துறைமுக நாட்களை விட்டுவிட்டு, கடல் நாட்களுக்கு மட்டும் வாங்குங்கள். எங்கள் கப்பலில் முழுப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை அதுதான்.

இன்னொரு சின்ன எரிச்சல்: லேப்டாப் கொஞ்ச நேரம் தூங்கினால் வைஃபை கணக்கு வெளியேறிவிடுகிறது, மறுபடி அறை எண், கடவுச்சொல் எல்லாம் கேட்கிறது. உதவி மேசையில் சொன்னேன். சிரித்த முகத்தோடு, அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

5-க்கு மூன்றரை கொடுக்கிறேன். நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம், செய்தி, அழைப்பு, தொலைவிலிருந்து கணினியை இயக்குவது என்ற அளவு வேலை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம், ஊரில் சிம்மையும் ஆளையும் தயார் செய்துவிட்டு. நாள் முழுக்க வீடியோ மீட்டிங்கில் முகம் காட்ட வேண்டியவர்களுக்கும், நிமிடத்துக்கு நிமிடம் பங்கு வாங்கி விற்பவர்களுக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாத்தனார் டிசம்பரில் இன்னொரு பயணம் பார்த்துக்கொண்டிருக்கிறார். 21-ஆம் தேதிக்கு அப்புறம் கிளம்பும் கப்பலாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், கிடைத்தால் இந்தப் பேக்கேஜ் காசு மிச்சம்.